மூன்றாம் வாரத்துப் படம்

திருக்கழுக்குன்றம்
12.5.1997

அன்புள்ள அண்ணிக்கு,

பிரபாவதி எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனாலும் உட்கார்ந்துகொள்ளுங்கள். அம்முவுக்கு வலது கையில் எலும்பு முறிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளை மகாபலிபுரம் கூட்டிப் போனேன். லீவு விட்டதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், அம்மாவும் ஊரில் இல்லை என்று அண்ணன்தான் கூட்டிப் போகச் சொன்னார். வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிற சரிவில் பிள்ளைகளெல்லாம் சறுக்கி விளையாடும், உங்களுக்குத் தெரியுமே. இவளும் நாலைந்து தடவை சறுக்கினாள். அப்புறம் நின்றபடியே ஓடி இறங்கப் பார்த்தாள். விழும்போது கையை ஊன்றிவிட்டாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்பும் போய்விட்டன. செங்கல்பட்டில் எலும்பு டாக்டரிடம் கொண்டு போனோம். மயக்கம் கொடுத்து, இழுத்து நேராக வைத்து, மாவுக்கட்டு போட்டுவிட்டார். திரும்பி வரும் வழியில் இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அழுதுகொண்டு வந்தவள் நான்தான்.

நீங்கள் ஓடி வர வேண்டாம். உங்கள் தங்கைக்குத் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ என்றிருக்கிறது, நீங்கள் மதுராந்தகத்திலேயே இருங்கள். லேப் முடிந்ததும் கேளம்பாக்கத்தில் பஸ் பிடித்துத் தினமும் இங்கே வந்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். நான் நாலு வருஷமாக என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேலியாகக் கேட்பீர்கள் அல்லவா? எலிக்குட்டியின் மண்டை ஓட்டிலிருந்து எலும்புச் செல்களை எடுத்துத் தட்டில் வளர்க்கிறேன். பிரண்டைச் சாற்றைப் பக்குவப்படுத்தி, உலர்த்திப் பொடியாக்கி, அதில் துளி கரைத்துச் சேர்த்தால் அந்தச் செல்கள் இரண்டு மடங்கு வேகமாகப் பெருகுகின்றன. சுண்ணாம்பு படிகிறது. என் கண்ணால் பார்த்தது. அந்தப் பொடியை அம்முவுக்குத் தேனில் குழைத்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அரிப்பு கிடையாது, நானே தின்று பார்த்துவிட்டேன். லேப் பொடியை மனிதர்களுக்குக் கொடுக்க எனக்கு அனுமதியில்லை, அதனால் வெளியே சொல்ல வேண்டாம். நம் அம்முவுக்கு இல்லாத மருந்து யாருக்கு அண்ணி?

உங்கள்,
பிரபாவதி


மதுராந்தகம்
17.5.1997

பிரபா,

உன் கடிதம் வந்த அன்றுதான் தங்கைக்கு வலி எடுத்தது. ஆண் குழந்தை. நஞ்சுக்கொடி விழத் தாமதமாகி, இரண்டு நாள் அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று ஆகிவிட்டது. இல்லாவிட்டால் நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன்.

பத்து வயதுகூட ஆகாத பிள்ளையை அந்தப் பாறையில் விட்டுவிட்டு நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை. உனக்கும் அவள் உயிர் என்று எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். பத்து நாளுக்குள் இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கட்டுக்குள்ளேயே எலும்பு நழுவிவிடும், நழுவினால் அப்போதே சரி செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராமே. கட்டாயம் கூட்டிப் போ. உன் அண்ணனை நம்பாதே, அவருக்கு ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் பேப்பர். நீ கூட்டிப் போ. பொடியைக் கொடுப்பதானால் கொடு. பிரண்டைத் துவையல் நானும்தான் அரைக்கிறேன், அதில் யாரும் செத்ததில்லை. படத்தை மட்டும் தவறவிடாதே.

அம்முவுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்.

தெய்வநாயகி


திருக்கழுக்குன்றம்
5.6.1997

அன்புள்ள அண்ணிக்கு,

கூடிவிட்டது! மூன்று வாரத்தில் கூடிவிட்டது! நேற்று எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு வெள்ளை வெளேரென்று திரண்டு நிற்கிறது. டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஆறு வாரம் ஆவும்னு இருந்தேன்” என்றார். தட்டில் பார்த்ததை ஒரு குழந்தையின் கையில் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நடுவில் எடுக்கச் சொன்ன படத்தை நான்தான் வேண்டாமென்று நிறுத்தினேன். அண்ணன் கிளம்பித்தான் நின்றார். புது எலும்பு பிடிக்கிற நேரத்தில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டக் கூடாது என்று தடுத்துவிட்டேன். நான் சொன்னதுதான் சரியாகப் போயிற்று.

படத்தில் கொஞ்சம் வளைவு தெரிகிறது. பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. டாக்டர் ஏதோ முணுமுணுத்தார். கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.

படத்தின் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

பிரபா


திருக்கழுக்குன்றம்
20.7.1997

பிரபாவதிக்கு,

கட்டுப் பிரித்த அன்றைக்கு மறுநாள் லேபில் வேலை என்று போனவள் இன்றுவரை இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

அம்முவின் கை திரும்பவில்லை. முழங்கை மடங்குகிறது, விரல் மடங்குகிறது, பேனா பிடிக்கிறாள். ஆனால் உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பச் சொன்னால் அது சுவரைத்தான் பார்க்கிறது. சோற்றை அள்ளினால் பாதி மடியில் விழுகிறது. ஸ்பூன் கொடுத்தேன், அதையும் கவிழ்த்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை கீழ்க்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அபிஷேகத் தீர்த்தம் கொடுக்கும்போது கையை நீட்டினாள், தீர்த்தம் அப்படியே வழிந்து தரையில் போயிற்று. இடது கையை நீட்டினாள். குருக்கள், “இடது கைல வாங்கப்படாதும்மா, வலது கையை ஏந்து” என்றார். ஏந்த முடிந்தால் ஏந்த மாட்டாளா? பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதிலிருந்து கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறாள்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பத்து நாள்ல வந்திருந்தா மயக்கம் குடுத்துக் கையாலயே அமுக்கி நேர் பண்ணியிருப்பேன்மா. மூணாவது வாரம் கல்லா ஆயிடுச்சு. எலும்பு கூடுனது தப்பில்ல, நேரா வர்றதுக்கு முன்னாடி கூடிடுச்சு. இன்னா குடுத்தீங்க?” நான் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் பில்லைத் தேடினார். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பெற்றோர் அழைத்து வரவில்லை என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். தெருவில் அதுவே பேச்சு. எதிர்வீட்டு வேண்டா என் காதில் விழும்படியே சொல்கிறாள், “பெத்தவ அம்மா வூட்டுல குந்திகினு இருந்தா, கொயந்த கை இப்டித்தான் பூடும்.”

தை மாதம் வரை பார்க்கலாம், தானாகக் கொஞ்சம் திரும்பினாலும் திரும்பும், இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி உடைத்து நேராக வைக்க வேண்டும் என்கிறார். உடைத்து! கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் அம்மு.

என் மகள் எலிக்குட்டி இல்லையடி.

தெய்வநாயகி


கேளம்பாக்கம்
2.8.1997

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரே தடவைதான் படித்தேன். இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை.

சோம்பேறித்தனத்தால் நான் படத்தைத் தள்ளிப்போடவில்லை. லேபில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டில் விட்ட செல் ஒட்டிப் பிடிக்கும் வரை தட்டைத் தொட மாட்டோம். பார்க்க ஆசைப்பட்டு எடுத்து எடுத்துப் பார்த்தால் பிய்ந்துவிடும். நாலு வருஷமாக அதே பழக்கம். கையையும் அப்படித்தான் நினைத்துவிட்டேன். தட்டில் எலும்புக்கு நேர் என்றும் கோணல் என்றும் கிடையாது, எவ்வளவு வளர்ந்தது என்பது மட்டும்தான் கேள்வி. அது வளைந்திருக்கிறதா என்று பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஆனால் ஒன்று. பொடியைக் கொடு என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். துவையலில் யாரும் செத்ததில்லை என்றீர்கள். அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. பழியை மட்டும் முழுசாக என் தலையில் இறக்கிவைக்கப் பார்க்காதீர்கள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பதால் வலி இல்லை என்று நினைக்க வேண்டாம்.

அம்முவுக்கு ஒரு தையல் பொம்மை அனுப்பியிருக்கிறேன்.

பிரபாவதி


திருக்கழுக்குன்றம்
20.1.1998

பிரபாவதிக்கு,

பொம்மை வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்து மறுபடி டாக்டரிடம் போனோம். கை தானாகத் திரும்பவில்லை. இனியும் திரும்பாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உடைத்து நேராக்கினால் பழையபடி முழுசாகத் திரும்பும், தள்ளிப்போகப் போக இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற சவ்வு இறுகிவிடும், அப்புறம் பாதிதான் வரும் என்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ இங்கே வர வேண்டும். டாக்டர் எதிரில், உன் அண்ணன் எதிரில், இரண்டாவது படத்தைத் தடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். உன் பேராசிரியர் ராஜகோபாலனுக்கும் நீயே எழுத வேண்டும். அதுவரை அம்முவின் கையில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன் அண்ணன் தனியாகப் போடட்டும் பார்க்கலாம், போட மாட்டார், எதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும் அவருக்கு.

உன் மாமா மகள் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டில் உட்கார்ந்தவள் என்று பந்தியில் பேசினார்கள். அம்மு எனக்குப் பக்கத்தில் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீயும் எதிர்ப் பந்தியில்தான் இருந்தாய். வாயைத் திறந்தாயா?

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

தெய்வநாயகி


கேளம்பாக்கம்
9.2.1998

அண்ணி,

காலில் விழுந்து கேட்கிறேன், ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். என்னைப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். குழந்தையின் கையை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்பதை நான் இப்போது செய்ய முடியாது. ஆகஸ்டில் மகாபலிபுரம் கடற்கரை ஓட்டலில் கருத்தரங்கு நடக்கிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எங்கள் பேராசிரியர் என் வேலையைத்தான் அங்கே முன்னால் வைக்கிறார். அது முடிந்ததும் எனக்கு டாக்டர் பட்டம். லேப் பொடியை அனுமதி இல்லாமல் ஒரு குழந்தைக்குக் கொடுத்தேன் என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே போட்டுக் கதவைச் சாத்துவார். ஐந்து வருஷம், அண்ணி. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்த ஐந்து வருஷம். எனக்கு வேறு எதுவும் கிடையாது.

ஆகஸ்டு வரை பொறுங்கள் என்று கேட்கவில்லை. ஆபரேஷனை இப்போதே செய்யுங்கள். நான் ஆகஸ்டில் சொல்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

அம்மு என்னைக் கேட்கிறாளா?

பிரபா


திருக்கழுக்குன்றம்
28.2.1998

பிரபாவதிக்கு,

நீ ஆகஸ்டில் சொன்னால் நான் ஆகஸ்டில் கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மு உன்னைக் கேட்கவில்லை.

தெய்வநாயகி


கேளம்பாக்கம்
24.8.1998

அண்ணி,

இப்போது திருப்திதானா?

அந்த மண்டபத்துக்குள் உங்களை யார் விட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அம்முவுக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, யாரோ முக்கியமானவர் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கூட்டி வந்தீர்கள். வாசலில் வைத்திருந்த கல்கண்டுத் தட்டை நீங்களே எடுத்து வந்தீர்கள். நான் படத்தின் பக்கத்தில் நின்று மூன்று வாரத்தில் எலும்பு எப்படிக் கூடியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேராசிரியரிடம் போய், “இந்தப் படத்துல இருக்கற கை இவளுதுங்க. உங்க கையால இவளுக்குக் கொஞ்சம் கல்கண்டு குடுங்க” என்றீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளினார். “கைய நீட்டுடி. வலது கை” என்றீர்கள்.

அவள் நீட்டினாள். கல்கண்டெல்லாம் கம்பளத்தில் கொட்டியது. ஐம்பது அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இன்னொரு தடவை குடுங்க சார்” என்றீர்கள். மறுபடியும் கொட்டியது. அவள் குனிந்து இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, “சாரி சார், சாரி சார்” என்றாள். அதன் பிறகு, பொடியைக் கொடுத்ததும் படத்தைத் தடுத்ததும் நான்தான் என்று நீங்கள் போட்ட சத்தம் எனக்குப் பெரிதில்லை. “ஒரு கொயந்தையோட ஒரு படத்த வச்சிகினு இன்னாத்த நிரூபிச்சிட்டீங்க” என்று கேட்டீர்களே, அதைக்கூட மறந்துவிடுவேன். அவள் சாரி சொன்னதை என்னால் மறக்க முடியாது.

நான் அவளுடைய எலும்பைத்தான் காட்டினேன். பெயர்கூடப் போடவில்லை. நீங்கள் அவளையே கொண்டுவந்து காட்டினீர்கள்.

பேராசிரியர் நேற்றுக் காலை என் சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. இனிமேலாவது கையெழுத்துப் போடுங்கள்.

பிரபாவதி


திருக்கழுக்குன்றம்
30.8.1998

பிரபாவதிக்கு,

அந்த நாளிலிருந்து அம்மு என்னோடு பேசவில்லை. அதையும் உன் கணக்கில்தான் எழுதுவேன்.

நான் சத்தம் போட வரவில்லை. ஆகஸ்டில் சொல்கிறேன் என்றாயே, சொல்வதைக் கேட்கத்தான் வந்தேன். கருத்தரங்கு அழைப்பு உன் அண்ணன் சட்டைப் பையில் இருந்தது. கல்கண்டுத் தட்டை நான் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரவில்லை. உள்ளே வந்ததும் உன் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்ததைக் கூட வந்த உன் அண்ணனைப் படிக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். மிரட்டிப் படிக்க வைத்தேன். குழந்தையின் தாயார் தாமாகவே வீட்டு வைத்தியமாகப் பிரண்டை கொடுத்து வந்தார், நடுவில் படம் எடுக்கத் தாயார் அழைத்து வரவில்லை. தாயார், தாயார் என்று இரண்டு இடத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ என் இலைச் சோற்றிலேயே மறைத்தாய்.

அதற்குப் பிறகு என் கை என் வசத்தில் இல்லை. பிள்ளையை அப்படி நிற்க வைத்திருக்கக் கூடாது. தெரியும். உனக்கு அதைச் சொல்ல அருகதை கிடையாது.

வருகிற மாதம் ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாதிதான் திரும்பும் என்கிறார் டாக்டர். ஜனவரியில் செய்திருந்தால் முழுசாக வந்திருக்கும்.

தெய்வநாயகி


திருக்கழுக்குன்றம்
18.2.1999

பிரபா,

உன் புது விலாசம் உன் அண்ணன் கொடுத்தார். கூடுவாஞ்சேரியில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாயாம்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. ஆபரேஷன் செய்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு எலும்பையும் அறுத்து நேராக்கித் தகடு வைத்தார்கள். ஒன்று கூடிவிட்டது. இன்னொன்று கூடவில்லை. படத்தில் நூல் போனது மாதிரிக் கறுப்பாக இடைவெளி தெரிகிறது. ஒவ்வொரு மாதமும் படம் எடுக்கிறோம், ஒவ்வொரு மாதமும் அந்தக் கறுப்பு அங்கேயே இருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் கூடாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பை வெட்டி எடுத்து வைக்க வேண்டுமாம். ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறாள். கையை மறுபடி கட்டுப் போட்டுக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

டாக்டரே கேட்டார். “மொதல் தடவ அவ்ளோ சீக்கிரம் கூடிச்சே, அப்ப குடுத்ததையே குடுத்துப் பாருங்களேன்மா” என்றார்.

உன் பொடி வேண்டும். இருந்தால் அனுப்பு. நீ என்னை மன்னிக்க வேண்டாம், நானும் உன்னை மன்னிக்கவில்லை. அவளுக்காகக் கேட்கிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், வாசலோடு நிற்கிறேன்.

தெய்வநாயகி


கூடுவாஞ்சேரி
1.3.1999

அண்ணிக்கு,

பொடி இருக்கிறது. லேபை விட்டு வரும்போது ஒரு புட்டி எடுத்து வந்தேன். இதை எழுதும்போது எதிர் அலமாரியில் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறது. அம்முவுக்கு இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

ஆனால் எப்படி அனுப்புவது? ஒரு குழந்தையின் ஒரு படம் எதையும் நிரூபிக்காது என்று மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. பிள்ளைகளுக்கு எலும்பு எப்படியும் சீக்கிரம்தான் கூடும். அம்முவின் கை என் பொடியால் கூடியதா, அவள் வயதால் கூடியதா, எனக்கே தெரியாது. நிரூபிக்காத மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அந்தப் பாடத்தை எனக்கு நீங்கள்தான் நடத்தினீர்கள்.

இல்லை, அது மருந்துதான் என்று இப்போது நம்புகிறீர்கள் என்றால், அதைப் பேராசிரியருக்கு எழுதுங்கள். எலும்பைக் கூட்டியது அந்தப் பிரண்டைதான், அதைக் கொடுத்தது தாயாகிய நான்தான், மண்டபத்தில் கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். என் அறைச் சாவி எனக்குத் திரும்பிக் கிடைக்கும். கடிதம் அவர் கைக்குப் போனது தெரிந்த அன்றே புட்டியோடு நானே வருகிறேன். தேனில் குழைத்து என் கையால் ஊட்டுகிறேன்.

கையெழுத்துக்காக ஒரு குழந்தையைக் காக்க வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. போன வருஷம் நீங்கள் எட்டு மாதம் காக்க வைத்தீர்கள். எனக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

பொடியைப் பார்த்தால் அம்மு ஞாபகம்தான் வருகிறது. அதற்காக அனுப்பிவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

பிரபாவதி


திருக்கழுக்குன்றம்
6.6.1999

பிரபாவதிக்கு,

உன் பேராசிரியருக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். கொடுத்தது நான்தான் என்ற இடம் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நான் கொடுக்கவில்லையடி. கொடுக்காததைக் கொடுத்தேன் என்று எழுதினால், அந்தக் கோணல் கையை நானே பெற்றுப் போட்டதாக ஆகிவிடும்.

மலையடிவாரத்து வேலியில் பிரண்டை கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. பறித்து வந்தேன். நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி விட்டுத்தான் செய்ய வேண்டும், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் புளி விட்டால் வேகம் குறைந்துவிடுமோ, வதக்கினால் சத்துப் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பேய் பிடித்தது. உன் பொடியில் புளி இல்லையே என்று நினைத்தேன். பச்சையாக இடித்துச் சாறு பிழிந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். வேண்டாம் அம்மா என்றாள். இன்னும் ஒரு வாய் என்றேன். நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் தண்ணீர் இறங்கியது. உன்னிடம் ஒரு புட்டி இருந்தது, கண்ணுக்கு முன்னால் நின்றது. நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அண்ணனிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டேன். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டாரைத் தவிர யார் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று. எதிர்வீட்டு வேண்டாவிடம் கேட்டுப் பார்ப்பாய். அவளுக்கு என்னைத் தெரியும், பயப்படுவாள்.

போன வாரம் கடைசிப் படம் எடுத்தார்கள். அந்தக் கறுப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. எலும்பு கூடியதா இல்லையா, கூடியிருந்தால் எதனால் கூடியது, மறுபடி அவளை மேஜையில் படுக்க வைத்தார்களா, இனி நீ சாகும்வரை உனக்குத் தெரியப் போவதில்லை. எத்தனை தட்டு வைத்து எத்தனை எலிக்குட்டியை அறுத்தாலும் தெரியாது. நீயும் குறுக்கும் நெடுக்கும் அலைந்து பார்.

நாங்கள் இந்த ஊரை விட்டுப் போகிறோம். உன் அண்ணனுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்பதும் உனக்கு வேண்டாம்.

கவரின் மேல் உன் விலாசத்தை அம்முதான் எழுதினாள். நானாகச் சொல்லவில்லை, அத்தைக்குத்தானே, நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கோணலாகத்தான் இருக்கிறது. இடது கையால் எழுதியதா, பல மாதம் பேனா பிடிக்காத வலது கையால் எழுதியதா என்று கேட்டு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

தெய்வநாயகி